பதிப்புரிமைப் பதிவு: புத்தகம் வருவதற்கு முன்பா, வந்த பிறகா?

சென்னைப் புத்தகக் காட்சிக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது, முதல் புத்தகம் போடப்போகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: காப்பிரைட் பதிந்துவிட்டுப் புத்தகத்தை வெளியிடுவதா, வெளியிட்டுவிட்டுப் பதிவதா? சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், சான்றிதழ் கைக்கு வரும்வரை பதிப்பாளரிடம் கோப்பையே கொடுக்காமல் வைத்திருப்பார்கள். சான்றிதழ் வருவதற்குள் ஜனவரி போய்விடும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இருந்துகொண்டு தமிழில் புத்தகம் போடுகிற பெரும்பாலானவர்கள் பதிவுக்காக வெளியீட்டைத் தள்ளிப்போட வேண்டிய அவசியமே இல்லை. புத்தகம் வரட்டும், அப்புறம் பதியலாம். இதற்கு விதிவிலக்கு இரண்டு. அச்சுக்குப் போகும் முன்பே பிரதி பல கைகள் மாறப்போகிறது என்றால் முன்பே பதிந்துவிடுவது நல்லது. அமெரிக்காவிலும் புத்தகம் விற்கப்போகிறது என்றால் அங்கே ஒரு கெடு இருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது.

பதிவு எதைத் தருகிறது?

நிலம் வாங்கியவர் கிரயப் பத்திரத்தைப் பதியாவிட்டால் நிலம் அவர் பேருக்கு வராது. புத்தகத்தையும் பலர் அதே கண்ணோடு பார்க்கிறார்கள். பதிப்புரிமை அப்படி வேலை செய்வதில்லை. சொந்தமாக ஒன்றை எழுதினால், எழுதிய அந்த நேரத்திலேயே 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமை வந்துவிடுகிறது. எழுதியவர் காலமாகி, அதற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள்வரை அது நீடிக்கும். பதிவு போன்ற எந்தச் சடங்கையும் உரிமைக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது என்பது, பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட பதிப்புரிமை ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1908-லேயே வந்துவிட்ட விதி. இந்தியா அதில் 1928-லிருந்து உறுப்பு நாடு.

அப்படியானால் வழக்குப் போடுவதற்காவது பதிவு வேண்டுமா? இதில் ஒரு குழப்பம் இருந்தது. பதிவு இருந்தால்தான் உரிமை மீறல் வழக்கு நிற்கும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 2012-ல் ஒரு தீர்ப்பு வந்தது. பதிவு முகவர்கள் சிலர் இன்னும் அதைத்தான் காட்டிப் பயமுறுத்துவார்கள். 2021-ல் அதே நீதிமன்றம் சஞ்சய் சோயா வழக்கில் அந்தக் கருத்தை ஏற்காமல், பதிவு கட்டாயமில்லை என்று விரிவாகச் சொல்லிவிட்டது. வேறு பல உயர் நீதிமன்றங்களின் நிலையும் அதுதான்.

பதிவால் கிடைப்பது சாட்சியம். சட்டத்தின் 48-ஆம் பிரிவு, பதிவேட்டில் உள்ள விவரங்களை முதல் நோக்கிலேயே ஏற்கத்தக்க சான்றாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. எதிர்த்தரப்பு அதைப் பொய் என்று நிரூபிக்கலாம், ஆனால் நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில். இது சின்ன விஷயமில்லைதான். அதேசமயம் பதிப்புரிமை அலுவலகம் உங்கள் நாவலைப் படித்துப் பார்த்து, இது சொந்தச் சரக்கு என்று முத்திரை குத்துவதில்லை. விண்ணப்பித்த பிறகு 30 நாட்கள் ஆட்சேபணைக்காகக் காத்திருப்பார்கள், பிறகு காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான். கதைத் திருடர் முந்திக்கொண்டு பதிந்துவிட்டால்கூட அதனால் கதை அவருடையதாகிவிடாது.

இங்கே பலரும் கவனிக்காத இன்னொரு பிரிவு இருக்கிறது. 55(2). வெளியான பிரதியில் ஆசிரியர் என்று யார் பெயர் அச்சாகியிருக்கிறதோ, உரிமை மீறல் வழக்கில் அவரையே ஆசிரியராக நீதிமன்றம் அனுமானிக்கும்; மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அதாவது, பதிவுச் சான்றிதழ் எந்த அனுகூலத்தைத் தருகிறதோ அதில் பெரும் பகுதியை, உங்கள் பெயர் போட்ட புத்தகமே தந்துவிடுகிறது. வெளியீட்டை நிறுத்திவைத்துப் பதிவுக்குக் காத்திருப்பவர் கையில் வரவேண்டிய ஒரு சான்றைத் தானே தள்ளிப்போடுகிறார். வெளியிடத் தயங்குபவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தப் பிரிவைத்தான்.

முன்பே பதிவது

அச்சாகாத படைப்பையும் பதியலாம். கட்டணம் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய். பதிப்புரிமை அலுவலகம் டெல்லி துவாரகாவில் இருக்கிறது; விண்ணப்பத்தை இணையத்திலேயே 14-ஆம் எண் படிவத்தில் போடலாம். போட்டதும் ஒரு டைரி எண் வரும். முழுப் பிரதியையும் கொடுக்கத் தயங்குபவர்கள் சில பகுதிகளை மட்டும் அனுப்பி, அலுவலக முத்திரையோடு திருப்பி வாங்கிக்கொள்ளலாம். இரண்டு பிரதி அனுப்பினால் ஒன்று முத்திரையிட்டு உங்களுக்கு வரும், மற்றது ரகசியமாக அங்கே இருக்கும். முகவர்கள் இதற்குப் பல ஆயிரம் கேட்பதுண்டு. படிவத்தைப் பொறுமையாகப் படிக்கக்கூடிய யாரும் தானே செய்துகொள்ளக்கூடிய வேலை இது.

யாருக்கு இது உண்மையிலேயே பயன்படும்? வெளியாவதற்கு முன் பிரதியைக் காட்டவேண்டியவர்களுக்கு. போட்டிக்கு அனுப்புபவர், நாலைந்து பதிப்பகங்களுக்கு ஒரே நேரத்தில் கொடுப்பவர், எல்லாரையும்விட முக்கியமாகச் சினிமாக் கம்பெனிக்குக் கதையைக் கொண்டுபோகிறவர். வெளியாகாத எழுத்துக்கு 55(2) தரும் அனுமானம் கிடையாது. பெயர் அச்சான பிரதி என்று ஒன்று அப்போது இருக்காதே. அந்த இடைவெளியை நிரப்ப ஏதாவது ஒரு தேதியிட்ட சான்று வேண்டும், பதிவு அதில் வலுவானது. திரைக்கதையாக மட்டும் இருந்தால் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிந்துவைக்கும் வழக்கமும் உண்டு. 2018-ல் தீபாவளிக்கு வந்த ஒரு பெரிய படத்தின் கதைத் தகராறில், அங்கே பல ஆண்டுகளுக்கு முன்பே பதிந்திருந்த கதையை வைத்துத்தான் சங்கம் ஒப்பிட்டுக் கருத்துச் சொன்னது. கடைசியில் சமரசமாகி, அந்த எழுத்தாளருக்குப் படத்தில் நன்றி போட ஒப்புக்கொண்டார்கள். சங்கப் பதிவுக்குச் சட்டப் பதிவேட்டின் தகுதி கிடையாது. ஆனால் அந்தத் துறைக்குள் பேச்சு நடக்கும்போது அதுதான் முதலில் மேஜைக்கு வருகிறது.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். எந்தப் பதிவும் கருவைக் காப்பாற்றாது. ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது: கருத்துக்கோ கதைக்கருவுக்கோ பதிப்புரிமை இல்லை, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. தலைப்புக்கும் இல்லை என்று 2015-ல் இன்னொரு தீர்ப்பு. நாலு வரிக் கதைச்சுருக்கத்தைப் பதிந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். பதிவதென்றால் காட்சிகளோடும் உரையாடல்களோடும் முழுசாக எழுதியதைப் பதிய வேண்டும்.

முன்பே பதிவதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, பிரதி மாறிக்கொண்டே இருக்கும். எடிட்டர் கை வைப்பார், மெய்ப்புப் பார்க்கும்போது நீங்களே இரண்டு அத்தியாயத்தைத் தூக்குவீர்கள். பதிவில் இருப்பது பழைய வடிவம். புதிய வடிவத்துக்கும் உரிமை இருக்கத்தான் செய்யும், ஆனால் பதிவுச் சான்று அதைக் காட்டாது. புத்தகம் வெளியானதும் "வெளியாகாதது" என்ற பதிவையும் மாற்ற வேண்டும். அதற்கு 15-ஆம் எண் படிவம், 200 ரூபாய் கட்டணம். பெரிய தொகை இல்லை, ஆனால் பெரும்பாலானவர்கள் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். வழக்கு என்று வரும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தோண்டுவது இந்த மாதிரிப் பொருந்தாத விவரங்களைத்தான்.

இரண்டாவது சிக்கல் நுட்பமானது. உங்கள் படைப்பு உண்மையிலேயே வெளியாகாததுதானா? இந்தியச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, பிரதிகள் அச்சிட்டு விற்பது மட்டும் வெளியீடு இல்லை, பொதுமக்களுக்குச் சென்றுசேரும்படி வைப்பதும் வெளியீடுதான். வலைப்பூவில் தொடராக எழுதிய நாவல், முகநூலில் எல்லாரும் பார்க்கும்படி போட்ட கவிதைகள், பிரதிலிபியில் அத்தியாயம் அத்தியாயமாக வந்த கதை, இதழில் வந்த சிறுகதைகள் எல்லாம் ஏற்கெனவே வெளியானவை. இவற்றைத் தொகுத்து "அச்சாகவில்லையே" என்று வெளியாகாத படைப்பாகப் பதிந்தால் பதிவேட்டில் தவறான விவரம் ஏறிவிடும். இன்றைய தமிழ் எழுத்தாளர்களில் பாதிப்பேராவது இந்தக் கணக்கில் வருவார்கள் என்று நினைக்கிறேன். அவர்களைப் பொறுத்தவரை முன்பா பின்பா என்ற கேள்வி பழசாகிவிட்டது.

வெளியிட்டபின் பதிவது

இதுதான் பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது என்று மேலே சொன்னேன். காரணம் எளிது. பதிவாவது இறுதி வடிவம். தேதி, பதிப்பகம், நாடு எல்லாம் படிவத்தில் ஒரே தடவையில் நிரம்பிவிடும், பின்னால் திருத்த வேண்டியதில்லை. இந்தியாவில் இதற்குக் கெடு எதுவும் இல்லை. அடுத்த மாதமும் பதியலாம், பத்து வருடம் கழித்தும் பதியலாம். தாமதமாகப் பதிந்ததால் நஷ்ட ஈட்டில் குறைப்பு எதுவும் சட்டத்தில் இல்லை. உரிமை மீறலுக்கான குற்றத் தண்டனையும் (6 மாதம் முதல் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் அபராதம்) பதிவைப் பொறுத்தது அல்ல.

இதில் மாட்டக்கூடிய இடம் பதிப்பாளரின் தடையில்லாச் சான்று. வெளியான புத்தகத்தை எழுத்தாளர் பதியும்போது, பதிப்பாளர் வேறு ஒருவர் என்றால் அவரிடமிருந்து என்ஓசி கேட்பார்கள். உறவு நன்றாக இருக்கும்போது அது ஒரு லெட்டர்ஹெட் சமாச்சாரம். ராயல்டியில் மனஸ்தாபம் வந்த பிறகு கேட்டுப் பாருங்கள், பதிலே வராது. ஆகையால் பிரதியைக் கொடுத்து ஒப்பந்தம் போடும் நாளிலேயே, எழுத்தாளர் பெயரில் பதிவதற்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். அட்டையில் யாருடைய புகைப்படமாவது இருந்தால் அவருடைய சம்மதமும் வேண்டும். தானே சொந்தமாகப் போடுபவருக்குப் பதிப்பாளர் என்ஓசி தேவைப்படாது, அவரே இரண்டும்.

இனி, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைச் சிலர் கண்டுபிடித்திருக்கிறார்கள்: வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பு வெளியாகாத படைப்பாக விண்ணப்பித்து, டைரி எண் வந்ததும் அச்சுக்குக் கொடுத்துவிடுவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் பரிசீலனைக்கு வரும் நேரத்தில் புத்தகம் கடையில் இருக்கும். பதிவேட்டில் ஏறும் நாளிலேயே அது பழைய தகவல். டைரி எண் என்பது விண்ணப்பம் வந்ததற்கான ரசீது மட்டும்தான், 48-ஆம் பிரிவின் பலம் அதற்குக் கிடையாது. முன்பே பதிவதன் பாதுகாப்பும் இல்லை, பின்பு பதிவதன் சுத்தமும் இல்லை. இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பதியாமலே இருந்தால்?

தமிழில் வரும் புத்தகங்களில் பெரும்பான்மை இப்படித்தான் வருகிறது, ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. பதியாமல் விடுபவர்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: தேதியைக் காட்டும் சான்றுகளைச் சேர்த்து வைப்பது. இதில் பழைய வித்தை, பிரதியை உறையில் போட்டுத் தனக்கே தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்துக்கொள்வது. சட்டத்தில் இதற்குத் தனி மதிப்பு எதுவும் இல்லை, உறையைப் பிரித்து ஒட்டவில்லை என்பதை யார் நிரூபிப்பது? பிரதியை வேறொருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்தது இதைவிட நல்ல சான்று. நீதிமன்றத்தில் அதைக் காட்ட வேண்டியிருந்தால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றுப் பத்திரத்தோடு காட்ட வேண்டும். எடிட்டரோடு நடந்த மின்னஞ்சல் போக்குவரத்து, திருத்தங்களோடு இருக்கும் வரைவுகள் எல்லாம் சேர்ந்தால் திருடியவரிடம் இருக்கவே முடியாத ஒரு தடயம் உருவாகும். நகலெடுத்தவரிடம் இறுதி வடிவம் இருக்கலாம், அடித்துத் திருத்திய மூன்றாம் வரைவு இருக்காது.

செலவில்லாத இன்னொரு சான்றும் உண்டு. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தையும் பதிப்பாளர் 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் வேறு மூன்று நூலகங்களுக்கும் தன் செலவில் அனுப்ப வேண்டும். அந்த மூன்றில் ஒன்று நம் கன்னிமாரா. சிறு பதிப்பகங்கள் பல இதை மறந்தேவிட்டன. அனுப்பினால், உங்கள் புத்தகம் இந்தத் தேதிக்கு முன்பே இருந்தது என்பதற்கு அரசு நூலகத்தின் வரவுப் பதிவு சாட்சி சொல்லும். பதிப்பாளரிடம் கேட்டு அனுப்பச் செய்யுங்கள்.

ஐஎஸ்பிஎன் எண்ணைப் பதிப்புரிமை என்று நினைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அது புத்தகத்தை அடையாளம் காணும் எண், உரிமையோடு அதற்குச் சம்பந்தமில்லை. ராஜா ராம்மோகன் ராய் முகமை இந்தியாவில் அதை இலவசமாகவே தருகிறது.

புனைபெயரில் எழுதுபவர்களுக்கு மட்டும் நான் வேறு மாதிரிச் சொல்வேன். 55(2) தரும் அனுமானம் அட்டையில் இருக்கும் பெயருக்கு. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது நீங்கள்தான் என்பதை யார் அறிவார்? எழுதியவர் யார் என்று பொதுவில் வெளிப்படாதவரை, வழக்குத் தொடுப்பது போன்றவற்றில் சட்டம் பதிப்பாளரைத்தான் உரிமையாளராகப் பார்க்கிறது. உரிமைக் காலமும் ஆயுளைப் பொறுத்து இல்லாமல் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்று சுருங்குகிறது. புனைபெயர் ஊரறிந்ததாக இருந்தால் கவலை குறைவு. இல்லையென்றால், இயற்பெயரையும் புனைபெயரையும் ஒரே ஆவணத்தில் இணைத்துக் காட்டும் பதிவு 500 ரூபாய்க்கு மலிவு.

அமெரிக்காவில் மட்டும் கடிகாரம் ஓடுகிறது

கிண்டிலில் போடும் புத்தகம் முதல் நாளே அமெரிக்காவிலும் விற்பனைக்கு வருகிறது. அங்கே யாராவது களவாடினால் அந்த நாட்டுச் சட்டம்தான் பேசும். அமெரிக்கர் அல்லாதவர் அங்கே பதியாமலே வழக்குத் தொடுக்கலாம், ஏனென்றால் பதிந்த பிறகுதான் வழக்கு என்ற கட்டாயம் அமெரிக்கப் படைப்புகளுக்கு மட்டும். (இணையத்தில் உலகமெங்கும் ஒரே நேரத்தில் வெளியாவது எந்த நாட்டுப் படைப்பு என்பதில் அங்கத்திய நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. அது தனிக் கதை.) ஆனால் வழக்குத் தொடுக்க முடிவது வேறு, பணம் கிடைப்பது வேறு.

அமெரிக்கச் சட்டத்தின் 412-ஆம் பிரிவில்தான் விஷயம் இருக்கிறது. உரிமை மீறல் தொடங்குவதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும், அல்லது முதல் வெளியீட்டிலிருந்து 3 மாதத்துக்குள் பதிந்துவிட வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால்தான் சட்டம் நிர்ணயித்த நஷ்ட ஈட்டைக் கேட்கலாம்: ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர், வேண்டுமென்றே செய்திருந்தால் 1,50,000 டாலர்வரை. வக்கீல் செலவும் எதிர்த்தரப்பிடம் கேட்கலாம். கெடுவைத் தவறவிட்டால் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று காட்ட வேண்டும். தமிழ் மின்னூலுக்கு அங்கே எத்தனை டாலர் நஷ்டம் என்று கணக்குக் காட்டுவீர்கள்? எந்த வக்கீலும் அந்த வழக்கை எடுக்கமாட்டார்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதை 2025 காட்டியது. ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக், திருட்டு இணைய நூலகங்களிலிருந்து 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை இறக்கியது தொடர்பாக எழுத்தாளர்கள் போட்ட வழக்கு 150 கோடி டாலர் சமரசத்துக்கு வந்தது. புத்தகம் ஒன்றுக்குச் சுமார் 3,000 டாலர். ஆனால் பட்டியலில் இடம்பெற்றவை சுமார் 4,80,000 படைப்புகள் மட்டுமே. ஒரே புத்தகத்தின் பல பிரதிகள் இருந்தது ஒரு காரணம் என்றால், தகுதி நிபந்தனை இன்னொரு காரணம்: ஐஎஸ்பிஎன் அல்லது அமேசானின் எண் இருக்க வேண்டும், வெளியாகி 5 ஆண்டுக்குள் அமெரிக்க அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும், அந்தப் பதிவும் பிரதி இறக்கப்படுவதற்கு முன்போ வெளியான 3 மாதத்துக்குள்ளோ நடந்திருக்க வேண்டும். எழுதியவர் நீங்கள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாவிட்டாலும், பதிவுத் தேதி தவறினால் பட்டியலில் இடமில்லை.

அமெரிக்கப் பதிவுக்கும் வெளியீட்டை நிறுத்தத் தேவையில்லை என்பது கூடுதல் நிம்மதி. விண்ணப்பம், கட்டணம், பிரதி மூன்றும் முறையாக அவர்கள் கைக்குச் சேர்ந்த நாளே பதிவின் அமல் தேதி, சான்றிதழ் எப்போது வந்தாலும் சரி. ஒரே ஆசிரியரின் ஒரே படைப்புக்கு இணையவழிக் கட்டணம் 45 டாலர். ஆகவே புத்தகம் வந்த வாரமே விண்ணப்பித்துவிடுவது போதும். அங்கே வாசகர்கள் இருக்கிறார்கள், ஆங்கில மொழிபெயர்ப்பு வருகிறது, அல்லது பாடநூல் போலப் பரவலாக நகலெடுக்கப்படும் புத்தகம் என்றால் இந்தச் செலவு நியாயமானது. முந்நூறு பிரதி அச்சிட்டு நண்பர்களிடம் போய்ச்சேரும் கவிதைத் தொகுப்புக்கு வேண்டாம்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன் மூன்றிலும் பதிப்புரிமைக்கு அரசுப் பதிவேடே கிடையாது. அங்கே சான்றிதழ் தருகிறோம் என்று யாராவது காசு கேட்டால் அது தனியார் சேவை. மலேசியாவில் விருப்பப்பட்டால் அறிவிக்கும் முறை 2012-லிருந்து உண்டு. கனடா பதிவு செய்யும், ஆனால் பிரதியை வாங்கிப் பார்க்காது.

பிடிஎஃப் திருட்டும் ஒப்பந்தமும்

பதிவைப் பற்றிக் கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் இருக்கும் பயம் டெலிகிராம் பிடிஎஃப். இதற்குப் பதிவு முன்பா பின்பா என்பது பொருட்டே இல்லை. இந்தியச் சட்டத்தின் 52(1)(சி) பிரிவிலும் 2013 விதிகளிலும் ஒரு வழி இருக்கிறது: உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால், கோப்பை வைத்திருக்கும் இணையச் சேவை 36 மணி நேரத்துக்குள் அணுகலைத் தடுக்க வேண்டும், 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திறந்துவிடலாம். சான்றிதழ் இருந்தால் புகாரோடு இணைக்கலாம், இல்லாவிட்டாலும் புகார் கொடுக்கலாம். பாடப் புத்தகங்களைப் பரப்பிய சேனல்களை நடத்துபவர்களின் விவரத்தைத் தரும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2022-ல் டெலிகிராமுக்கு உத்தரவிட்டிருக்கிறது. அதற்கு மேல், ஒரு சேனலை மூடினால் இன்னொன்று முளைக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அதற்கு எந்தப் பதிவேட்டிலும் மருந்து இல்லை.

அச்சுக்கு முன் அவசரப்பட வேண்டிய காகிதம் ஒன்று உண்டென்றால் அது பதிப்பாளரோடு போடும் ஒப்பந்தம். தமிழில் வாய்ப்பேச்சிலேயே புத்தகம் வந்துவிடுகிறது. உரிமையை மாற்றித் தருவதற்கு எழுத்தும் கையெழுத்தும் கட்டாயம் என்பதால் வாய்ப்பேச்சு ஒருவகையில் எழுத்தாளருக்குச் சாதகம்தான், ஆனால் அடிக்கும் எண்ணிக்கை, ராயல்டி, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு எதுவும் தெளிவில்லாமல் கிடக்கும். கையெழுத்துப் போடும்போது 19-ஆம் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு, எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுமாதிரி சொல்லாதவரை, அது காலாவதி. "சகல உரிமைகளும் நிரந்தரமாக" என்று ஒரு வரி இருந்தால் இந்தப் பாதுகாப்புகளில் பல போய்விடும். அதில் கையெழுத்திட்டுவிட்டு எழுத்தாளர் தன் பெயரில் உரிமையைப் பதியப்போனால், என்ன உரிமை மிச்சம் இருக்கிறது என்ற கேள்விதான் முதலில் வரும்.

என்றோ வெளியாகி இப்போது அச்சில் இல்லாத புத்தகங்களை வைத்திருப்பவர்களும், எழுத்தாளரின் வாரிசுகளும் இந்த முன்பு, பின்புக் கணக்கில் சேராதவர்கள். அவர்களும் பதியலாம். மறுபதிப்புக்கோ மொழிபெயர்ப்புக்கோ யாராவது தேடி வரும்போது, யாரிடம் பேச வேண்டும் என்பது பதிவேட்டிலேயே இருக்கும். அதற்கு முன் பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, கொடுத்த உரிமை இன்னும் பதிப்பாளரிடம் இருக்கிறதா, காலம் முடிந்து திரும்பிவிட்டதா என்று பார்த்துவிட வேண்டும். ஒப்பந்தமே இல்லை என்றால் வேலை சுலபம்: புத்தகப் பிரதி, பதிப்பாளரின் என்ஓசி, வாரிசாக இருந்தால் அதற்கான சான்று, 500 ரூபாய்.